குகை வாசலில் மூவர்

சேர்வராயன் கோயிலில் குனியாமல் யாரும் சாமி பார்க்க முடியாது. கடல் மட்டத்துக்கு மேல் 5326 அடியில், மலையுச்சி புல்வெளியாகப் பரந்து தட்டையாகிவிடும் இடத்தில், பாறைக்குள் ஒரு குறுகலான குகை. அதுதான் கோயில். எஸ்டேட் முதலாளிக்கும் அதே எஸ்டேட்டில் மிளகு பறிக்கிற பெண்ணுக்கும் வாயில் ஒரே அளவு. தலை தாழ்த்தி, தோளை ஒடுக்கி, முன்னால் போகிறவரின் முதுகைப் பார்த்தபடி நகர வேண்டும். உள்ளே போகப் போக இருட்டு. இருட்டின் கோடியில் சேர்வராயனும் காவேரியம்மனும். நிற்கிற மலையே சேர்வராயன், கீழே ஓடுகிற ஆறே காவேரி. குகை அப்படியே உள்ளுக்குள் நீண்டு காவிரி பிறக்கும் இடம்வரை போகிறது என்று இங்குள்ளவர்கள் சொல்வார்கள்.

சொல்கிறவர்கள் மலையாளி மக்கள். கேரளத்து மலையாளிகள் அல்ல. இந்த மலைகளின் குடிகள். காஞ்சிபுரத்திலிருந்து மூன்று சகோதரர்கள் வந்தார்கள், மூத்தவர் சேர்வராயன் மலையில் தங்கினார், நடுவில் பிறந்தவர் பச்சைமலைக்கும் இளையவர் கொல்லிமலைக்கும் போனார்கள் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் கதை. மே மாதத் திருவிழாவில் அந்த மூத்தவரின் பிள்ளைகளால் இந்தப் புல்வெளி நிரம்பிவிடும்.

இன்று ஆடி வெள்ளி. திருவிழாக் கூட்டம் இல்லை. காற்று மட்டும் திருவிழாபோல வீசுகிறது. சாரல் விழுகிறதா, மேகம்தான் தரையில் நடக்கிறதா என்று பிரித்துச் சொல்ல முடியாத ஈரம். சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வந்தவர்கள் வேனைவிட்டு இறங்கியதும் முதலில் சேலைத் தலைப்பை இழுத்துத் தலையில் போர்த்துகிறார்கள். குழந்தைகள் புல்லில் ஓடுகின்றன. நான் ஒரு பாறையில் உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு இங்கே வேலை எதுவும் இல்லை. பார்ப்பதற்கு மட்டும் வந்திருக்கிறேன்.

குகை வாசலுக்குச் சற்றுத் தள்ளி, காற்றுப் படாத ஒதுக்கில், ஓர் ஆயா பூக்கூடையோடு உட்கார்ந்திருக்கிறார். கூடையில் சன்னமல்லி. சேலத்திலிருந்து விடிகாலை பஸ்ஸில் வந்த பூ. கீழே இந்நேரம் விரிந்து வாடத் தொடங்கியிருக்கும். இங்கே குளிரில் இன்னும் மொட்டாகவே இருக்கிறது. அவர் கட்டுகிற விதத்தைப் பார்க்கிறேன். நூலின் ஒரு முனை கால் பெருவிரலில் சுற்றியிருக்கிறது. இடது கையில் இரண்டு மொட்டு இந்தப் பக்கம், இரண்டு மொட்டு அந்தப் பக்கம், காம்பும் காம்பும் முட்டும்படி. வலது கை ஒரு சுற்றுச் சுற்றி, ஒரு முடிச்சுப் போட்டு, இழுத்துவிட்டு அடுத்த மொட்டுக்குப் போகிறது. கண் பூவில் இல்லை. போகிற வருகிற ஆட்களைப் பார்த்தபடியே கட்டுகிறார்.

யாராவது கேட்டால் முழங்கை முனையிலிருந்து நடுவிரல் நுனிவரை சரத்தை வைத்து அளக்கிறார். நுனி வந்ததும் நிறுத்துவதில்லை. இரண்டு விரற்கடை கூட விட்டு, அதற்கப்புறம்தான் நகத்தால் நூலைக் கிள்ளுகிறார். ஒவ்வொரு முழத்துக்கும் அந்த இரண்டு விரற்கடை உண்டு. கேட்டு வாங்கியவருக்கும் உண்டு, கேட்காதவருக்கும் உண்டு.

இந்த வாசல் முன்னால் உட்கார்ந்தால் எனக்குக் கிரேக்க நாட்டு ஆர்க்கோமெனஸ் நினைவுக்கு வருகிறது. பொயோஷியா நாட்டில் பழைய ஊர் அது. அழகுக்கும் அருளுக்கும் உரிய மூன்று சகோதரிகளை அங்கே சிறப்பாகக் கும்பிட்டார்கள். கிரேக்கர்கள் அந்த மூவரை காரிட்டஸ் என்றார்கள். ஜீயஸுக்கும் யூரினோமிக்கும் பிறந்தவர்கள். அக்லேயா, யூஃப்ரொசைனி, தாலியா என்று பழங்கவிஞர் ஹெசியாட் பெயர் சொல்கிறார். ஒருத்தி ஒளி, ஒருத்தி களிப்பு, ஒருத்தி செழிப்பு. ஸ்பார்ட்டாவில் இரண்டு பேரை மட்டும் கும்பிட்டார்கள், அவர்களுக்கு வேறு பெயர். எந்த ஊரானாலும் எதைச் செய்தாலும் அதில் ஒரு நயம் இருக்க வேண்டுமானால் இவர்கள் தயவு வேண்டும்.

கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் பாசேனியஸ் என்ற பயணி கிரேக்கக் கோயில்களை ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்து எழுதினார். ஆர்க்கோமெனஸுக்கும் போனார். மூன்று அழகிகளின் ஆதிக்கோயிலில் அவர் கண்டது கற்கள். உளி படாத கற்கள். எட்டியோக்ளிஸ் என்ற மன்னன் காலத்தில் வானத்திலிருந்து விழுந்தவை என்று அந்த ஊரார் சொன்னார்களாம். செதுக்கிய சிலைகளும் அங்கே இருந்தன. ஆனால் அவை தன் காலத்தில்தான் வைக்கப்பட்டன என்று எழுதுகிறார். அவர் காலத்திலும் மிகுந்த மரியாதை கற்களுக்குத்தான்.

உலகம் அழகென்றால் உடனே எண்ணிக்கொள்ளும் ஒரு நாடு, தன் அழகுத் தெய்வங்களின் மூத்த கோயிலில் கண், மூக்கு, உதடு எதுவும் இல்லாத கல்லைத்தான் வைத்திருந்தது. இது எனக்கு மிகப் பெரிய விஷயமாகப் படுகிறது.

இங்கே குகைக்குள் காவேரியம்மனைப் பார்த்துவிட்டு வெளியே வருகிறவர்களிடம் அம்மன் எப்படி இருந்தாள் என்று கேட்டால் என்ன சொல்வார்கள்? விளக்கு காட்டியது மஞ்சளை, குங்குமத்தை, பூவை, ஒரு புடவையின் சரிகைக் கரையை. கற்பூரம் எரிகிற நேரம்தான் பார்க்கிற நேரம். பின்னால் இருப்பவர் முட்டுகிறார். குனிந்த முதுகு வலிக்கிறது. அதற்குள் கையில் பிரசாதம் வந்துவிடும், திரும்பிவிட வேண்டும். ஆனாலும் வெளியே வருகிற ஒவ்வொரு பெண்ணும் நன்றாகப் பார்த்தேன் என்கிற நிறைவோடுதான் வருகிறாள். கண்ணைத் துடைத்துக்கொள்கிறவர்களும் உண்டு. புகையாலும் இருக்கலாம், வேறு எதனாலும் இருக்கலாம்.

ஆர்க்கோமெனஸ் மட்டுமல்ல. சைப்ரஸ் தீவில் பாஃபோஸ் என்று ஓர் இடம். கடல் நுரையிலிருந்து பிறந்த அழகுத் தெய்வம் அஃப்ரோடைட்டி கரையேறிய தீவு, அவளுடைய தலைமைக் கோயில் இருந்த இடம். கி.பி. 69-இல் ரோமானியத் தளபதி டைட்டஸ் அங்கே போனதைச் சொல்லும் வரலாற்றாசிரியர் டாசிட்டஸ், அந்தக் கோயிலின் மூர்த்தியை வியப்போடு விவரிக்கிறார். மனித உருவம் இல்லை. கீழே அகன்று மேலே ஒடுங்கும் ஒரு கூம்பு. ஏன் அப்படி என்பது விளங்கவில்லை என்று எழுதிவைத்துவிட்டுப் போய்விடுகிறார். ரோமானிய நாணயங்களில்கூட அந்தக் கோயிலைப் பொறித்தபோது நடுவில் பெண்ணைப் பொறிக்கவில்லை, அந்தக் கூம்பைத்தான் பொறித்தார்கள். அங்கே கிடைத்த ஒரு கருங்கல் இன்றும் கூக்லியா அருங்காட்சியகத்தில் நிற்கிறது. அஃப்ரோடைட்டி என்று அதைத்தான் கும்பிட்டார்கள் என்கிறார்கள்.

ஹோமரின் ஒடிசியில் அதே பாஃபோஸில் ஒரு காட்சி வரும். போர்த்தெய்வம் ஏரீஸோடு வலையில் சிக்கி, தேவர்கள் எல்லோரும் சிரிக்க, வெட்கப்பட்டு ஓடிவந்த அஃப்ரோடைட்டியை அந்த மூன்று சகோதரிகள் குளிப்பாட்டுகிறார்கள். எண்ணெய் பூசுகிறார்கள். பார்க்கிறவர் வியக்கும் ஆடையை உடுத்திவிடுகிறார்கள். நீராட்டு, எண்ணெய்க்காப்பு, புடவை சாத்துதல். நம் ஊரில் எந்தக் கோயிலில் கருவறைத் திரை போட்டாலும் உள்ளே நடப்பது இதுதான். அந்த மூவர் தங்களை அழகாகக் காட்டிக்கொண்டு அங்கே நிற்கவில்லை என்பதைக் கவனிக்கிறேன். அவமானப்பட்டு வந்த ஒருத்திக்குக் கையால் செய்ய வேண்டியதைச் செய்துகொண்டிருக்கிறார்கள்.

பிறகு சிற்பிகள் வந்தார்கள். அவர்கள் குறையென்று நான் சொல்லமாட்டேன். உளி தொட்ட பளிங்கு உயிராகும் வித்தையை அவர்களைப்போல் கற்றவர்கள் குறைவு. கி.மு. நான்காம் நூற்றாண்டில் பிராக்சிடலிஸ் இரண்டு அஃப்ரோடைட்டிகளைச் செய்து விற்பனைக்கு வைத்தார் என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதுகிறார். ஒன்று ஆடையணிந்தது, ஒன்று ஆடையற்றது. கோஸ் தீவினர் ஆடையணிந்ததை எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் வேண்டாம் என்றதை க்னிடஸ் நகரம் வாங்கியது. பிறகு அந்தச் சிலையைப் பார்க்கவே கப்பலேறி ஆட்கள் வந்தார்கள். நிக்கோமிடீஸ் என்ற அரசன், சிலையைக் கொடுத்தால் க்னிடஸின் கடன் முழுவதையும் அடைக்கிறேன் என்றான். ஊர் கடனோடு இருந்துகொண்டது, சிலையைக் கொடுக்கவில்லை. மூலச்சிலை இன்று இல்லை, படிகள்தான் இருக்கின்றன.

மூன்று சகோதரிகளும் அப்படித்தான் மெல்ல மெல்ல ஆடை இழந்தார்கள். பழைய சிற்பிகளும் ஓவியர்களும் அவர்களை உடுத்திய கோலத்திலேயே படைத்தார்கள் என்று பாசேனியஸ் சொல்கிறார். ஏதென்ஸில் அக்ரோபோலிஸுக்குள் நுழையும் வாசலில் உடுத்திய மூவர் நின்றார்கள். அதைச் செதுக்கியவர் தத்துவஞானி சாக்ரட்டீஸ்தான் என்று அந்த ஊரில் ஒரு பேச்சு இருந்தது. அவருடைய அப்பா கல்தச்சர் என்பார்கள். வாசலில் என்பதுதான் எனக்கு வேண்டியது. உள்ளே போகிற எவரும் அவர்களைக் கடந்தே போக வேண்டும். அரிஸ்டாட்டிலும் இதை ஒட்டி ஒன்று சொல்கிறார்: இந்தத் தெய்வங்களின் கோயிலை ஊர் நடுவில், எல்லோர் கண்ணிலும் படும்படி வைப்பது எதற்கென்றால், பெற்ற நன்மைக்கு நன்மை செய்ய மக்கள் மறக்காமல் இருக்கத்தான் என்கிறார்.

1820 ஏப்ரலில் மிலோஸ் தீவில் நிலத்தைக் கிளறிய ஒரு விவசாயி ஒரு பளிங்குப் பெண்ணைக் கண்டெடுத்தார். அடுத்த ஆண்டே அவள் பாரிஸில் லூவ்ர் போய்ச் சேர்ந்தாள். இன்று உலகில் அதிகம் பேர் அறிந்த அழகுத் தெய்வம் அவளாகத்தான் இருக்கும். அதே 1820 வாக்கில்தான் சேலம் கலெக்டர் காக்பர்ன் இந்த மலைக்குக் காப்பிச் செடியைக் கொண்டுவந்தார். அந்தச் செடியின் வாரிசுகள்தான் நான் ஏறிவந்த வழியெல்லாம், சில்வர் ஓக் மர நிழலில், மிளகுக் கொடிகளுக்குக் கீழே. அங்கே ஒரு தெய்வம் மண்ணைவிட்டு வெளியே வந்தபோது இங்கே ஒரு காடு தோட்டமாக மாறத் தொடங்கியிருக்கிறது. காட்டின் குடிகளில் பலர் பின்னால் அந்தத் தோட்டங்களுக்கே கூலிக்குப் போனார்கள்.

மிலோஸில் கிடைத்த அந்த அழகிக்குக் கை இல்லை. இரண்டு கையும் உடைந்து, தொலைந்து, என்ன வைத்திருந்தாள், எதை நீட்டினாள், எதைப் பிடித்தாள் என்று 200 ஆண்டுகளாக அறிஞர்கள் வாதாடுகிறார்கள். முகம் முழுசாக இருக்கிறது. அந்த முகத்தைப் பார்க்கத்தான் வரிசை.

சேர்வராயன் குகை வாசலில் நிற்கும் வரிசைக்கு உள்ளே தெளிவாகப் பார்க்க முகம் கிடைக்காது. கைகள்தான் கிடைக்கும். தட்டை நீட்டும் கை, குங்குமம் இடும் கை, வழுக்குகிற இடத்தில் முன்னால் போகிறவர் பின்னால் நீட்டும் கை. முகம் மறைந்திருக்கிற இடத்தில் அழகு கைக்கு இறங்கிவிடுகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. இதைத்தான் இன்று பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

கிரேக்க, ரோமானிய உலகமும் நம் நாடும் ஒன்றையொன்று அறியாமல் இருந்ததில்லை. கொங்கு மண்ணில் உழவர் கலப்பையில் தட்டுப்பட்ட ரோமானிய வெள்ளிக் காசுகளில் திபேரியஸ் பேரரசரின் காசு மிக அதிகம். ஒரு பக்கம் அவன் தலை. மறுபக்கம் கையில் கிளையோடு உட்கார்ந்திருக்கும் ஒரு பெண். இந்தப் பக்கத்திலிருந்து போனவளும் உண்டு. கி.பி. 79-இல் வெசுவியஸ் எரிமலைச் சாம்பலில் புதைந்த பாம்பேய் நகரத்தில், 1938-இல், ஒரு வீட்டிலிருந்து ஓர் இந்தியத் தந்தச் சிலையை எடுத்தார்கள். ஏறக்குறைய 24 சென்டிமீட்டர் உயரம். கழுத்தில், கையில், இடுப்பில் நகை. வேறு ஆடை இல்லை. முதலில் லட்சுமி என்றார்கள், பிறகு யட்சி என்றார்கள். அவளுக்கு இரண்டு பக்கமும் ஒப்பனைப் பொருள் ஏந்திய இரண்டு சிறு தோழிகள். மொத்தம் மூன்று பெண்கள். அதே பாம்பேயில் ஒரு வீட்டுச் சுவரில் கிரேக்க மூவரின் ஓவியமும் இருந்தது. நடுவில் இருப்பவள் முதுகைக் காட்டி நிற்க, மற்ற இருவரும் நம்மைப் பார்த்து நிற்கிறார்கள், தோளில் கை போட்டுக்கொண்டு. இரண்டும் இன்று நேப்பிள்ஸ் அருங்காட்சியகத்தில் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. அங்கே போகிறவர்கள் இரண்டையும் அடுத்தடுத்துப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

வரிசையில் ஒரு சிறுமி நிற்கிறாள். பத்து வயதிருக்கும். எஸ்டேட் பக்கத்துப் பிள்ளை என்று செருப்பில் ஒட்டிய செம்மண் சொல்கிறது. எண்ணெய் தடவி இறுக்கிப் பின்னிய இரட்டைச் சடை, சிவப்பு ரிப்பன், பூ இல்லை. அவள் முன்னால் நிற்பவர் வேனில் வந்த ஒரு பெண். இப்போதுதான் ஆயாவிடம் இரண்டு முழம் வாங்கினார். ஒன்றை அம்மனுக்கென்று தட்டில் வைத்தாயிற்று. இன்னொன்றைத் தலையில் வைக்கக் கையை உயர்த்தியவர் பிள்ளையைப் பார்த்துவிட்டார்.

“பூ வைக்கலையா கண்ணு?”

பிள்ளை இல்லையென்று தலையாட்டியது. அவர் சரத்தை இரண்டாக மடித்தார், நடுவில் நகத்தால் கிள்ளினார், தன் தலையிலிருந்த ஊசியை எடுத்தார், பாதியைப் பிள்ளையின் ஒரு சடையிலிருந்து மறு சடைவரை வளைத்துக் குத்திவிட்டார். ஊசி போனதில் அவருடைய முடி காற்றில் அவிழ்ந்தது. அதை அப்படியே விட்டுவிட்டார்.

பிள்ளையின் அம்மா பின்னால் நின்றவள் ஒரு நிமிடம் தடுமாறினாள். வாங்கிக்கொண்டு சும்மா இருப்பதா? தோளில் தொங்கிய மஞ்சப்பையைக் கிளறி இரண்டு பேரிக்காயை எடுத்து நீட்டினாள்.

“ஐயோ, வேண்டாங்க.”

“வீட்டு மரத்துக் காய்தானுங்க. எடுத்துக்கங்க அக்கா.”

அந்த அக்கா வாங்கிக்கொண்டார். ஒன்றைத் தட்டில் அம்மன் பூவோடு வைத்தார், இன்னொன்றைப் பின்னால் நின்ற மாமியாரிடம் கொடுத்தார். மாமியார் அதைத் தடவிப் பார்த்து, ஈரம் துடைத்து, பேரனுக்கென்று முந்தானையில் முடிந்துகொண்டார். வரிசை நகர்ந்தது. ஒருவர் பின் ஒருவராகக் குனிந்து இருட்டுக்குள் போனார்கள்.

வெளியே வந்தபோது பிள்ளையின் நெற்றியில் குங்குமம். கையில் அம்மன்மேல் இருந்து எடுத்துக் கொடுத்த ஒரு துண்டுச் சரம். காலையில் இதே ஆயாவின் கூடையிலிருந்து போன சன்னமல்லியாகத்தான் இருக்க வேண்டும். அம்மா கூப்பிட்டும் நிற்காமல் பிள்ளை நேராக ஆயாவிடம் போனாள்.

“ஆயா, இந்தாங்க. உங்களுக்கு.”

ஆயாவின் நெற்றியில் திருநீறு மட்டும். நரைத்த தலையை வாரி முடிந்த கொண்டை. நாளெல்லாம் பூ கட்டுகிறவர், தலையில் ஒரு மொட்டும் இல்லை. அந்தத் தலைமுறைப் பெண்களுக்குப் புருஷன் போனதோடு பூவும் போய்விட்டது. அந்த வழக்கத்தின்மேல் எனக்குள்ள கோபத்தை இங்கே விரிக்கவில்லை. அவர் நூலைக் கால்விரலிலிருந்து கழற்றினார். இரண்டு கையையும் முந்தானையில் துடைத்தார். வாங்கினார். கண்ணில் ஒற்றிக்கொண்டார். கொண்டையில் வைக்கவில்லை. கூடையில், ஈரத்துணிக்கு மேல், தான் கட்டிய சரங்களுக்கெல்லாம் மேலாக வைத்தார்.

அதற்குப் பிறகு வாங்க வந்தவர்களுக்கு அவர் கொடுத்த விதத்தைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு தடவையும் அந்தத் துண்டை இரண்டு விரலால் தூக்கி ஓரமாக வைப்பார், அடியிலிருந்து சரத்தை உருவுவார், அளப்பார், இரண்டு விரற்கடை கூட விடுவார், கிள்ளுவார். பிறகு துண்டை எடுத்து மறுபடி மேலே வைப்பார்.

ரோமானிய அறிஞர் செனெகா நன்மை செய்வதைப்பற்றி ஒரு நூல் எழுதினார். அதில் இந்த மூன்று சகோதரிகள் வருகிறார்கள். ஏன் மூன்று பேர், ஏன் கைகோத்திருக்கிறார்கள், ஏன் வட்டமாக ஆடுகிறார்கள் என்று கேட்டு, அக்காலத்தில் சொல்லப்பட்ட ஒரு விளக்கத்தைத் தருகிறார். ஒருத்தி கொடுக்கிறாள், ஒருத்தி வாங்கிக்கொள்கிறாள், ஒருத்தி திருப்பித் தருகிறாள். கை மாறிக் கை மாறிப் போகும் நன்மை கடைசியில் முதலில் கொடுத்தவரிடமே வந்து சேர்கிறது. இடையில் எங்கே அறுந்தாலும் முழுமையின் அழகு போய்விடும். செனெகாவுக்கு இந்த மாதிரிக் கிரேக்கக் கதைகளில் பெரிய மதிப்பில்லை, சொல்லிவிட்டு அலுத்துக்கொள்கிறார். பிற்காலத்து ஓவியர் ரஃபேலும் சிற்பி கனோவாவும் அந்த மூவரை எத்தனை அழகாகச் செய்திருந்தாலும், தோளும் இடையும் கன்னமும் நம் கண்ணைப் பிடித்து நிறுத்திவிடுகின்றன. அவர்கள் கைகளுக்கு ஒரு வேலை இருந்தது என்பது மறந்துபோகிறது. பார்க்கிற கண்ணுக்கு விருந்தாக மட்டும் அவர்களை வைத்துக்கொண்டது ஒரு பெரிய இழப்பு என்று நினைக்கிறேன்.

மதியத்துக்குமேல் மேகம் கொஞ்சம் விலகியது. எனக்குக் கொல்லிமலை ஞாபகம் வந்தது. அதுவும் சேலத்துச் சமவெளியைத் தாண்டி எழும் மலைதான், மூன்று சகோதரர் கதையின் இளையவர் போய்க் குடியேறிய மலை. சங்கப் பாடல்களில் தமிழர் அழகுக்கு உவமை தேடியபோதெல்லாம் அந்தப் பக்கம்தான் திரும்பிப் பார்த்திருக்கிறார்கள். கொல்லிப்பாவை. தெய்வம் அமைத்த பாவை என்று குறுந்தொகையில் பரணர் பாடுகிறார். கபிலரும் தலைவியின் அழகுக்கு அவளைத்தான் கொண்டுவருகிறார். சிரித்தே ஆளை மயக்கி உயிரை எடுப்பவள் என்பது மலையில் வழங்கும் கதை. அங்கே இன்றுள்ள எட்டுக்கை அம்மனே அவள் என்பார்கள். பாரிஸ் என்ற இளவரசன் அஃப்ரோடைட்டிக்கு ஆப்பிளைக் கொடுத்ததில் ட்ராய் நகரமே எரிந்தது. அழகு அபாயமானது என்பதில் இரண்டு நாட்டாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை.

இந்தச் சேர்வராயன் மலைமேல் உள்ள ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் ஆர்க்கிட் தோட்டம் இருக்கிறது. ஏரிக்கரைக்கும் லேடீஸ் சீட்டுக்கும் போகிற கூட்டம் அங்கே வருவதில்லை. அதனால் அங்கே நிதானமாக நிற்க முடிகிறது. பெயர்ப்பலகைகளில் கிரேக்கம் ஊர்ந்துகொண்டிருக்கும். பெண்ணின் செருப்பு வடிவத்தில் இதழ் குழிந்த ஆர்க்கிட் இனத்துக்கு 1886-இல் பிட்சர் என்ற ஜெர்மானியர் வைத்த பெயர் பாஃபியோபெடிலம். பாஃபோஸ் அம்மனின் பாதுகை. நம் கிழக்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் சின்னஞ்சிறு மஞ்சள் பூக்களோடு மணக்கிற ஒரு மர இனத்துக்கு 1790-இலேயே அக்லேயா என்று மூவரில் ஒருத்தியின் பெயர் வந்துவிட்டது. தென்னிந்தியாவுக்கென்று உள்ள செருப்பு ஆர்க்கிட் ஒன்றே ஒன்று. மஞ்சள் இதழ், நடுவில் ஓடும் கருஞ்சிவப்புக் கோடு. 1865-இல் கர்னல் ட்ரூரி அகத்தியமலைப் பக்கம் அதைக் கண்டுபிடித்தார். கண்டதிலிருந்து அதற்கு நிம்மதி இல்லை. சேகரிப்பாளர்கள் வேரோடு அள்ளிக்கொண்டு போனார்கள். காட்டில் அது அருகிப்போய்விட்டது. இன்று அந்த இனம் முழுவதையும் காட்டிலிருந்து எடுத்து நாடு விட்டு நாடு விற்க உலக ஒப்பந்தம் தடை போட்டிருக்கிறது. கொல்லிப்பாவை பார்த்தவனைக் கொன்றாள் என்பது கதை. இந்தப் பூவின் வரலாற்றில் பார்த்தவன்தான் கொன்றிருக்கிறான். வைத்துக்கொள்ள மட்டும் தெரிந்த கைக்கு அழகு கிடைத்தால் இப்படித்தான் ஆகிறது. இதை வருத்தத்தோடுதான் எழுதுகிறேன்.

ஏற்காட்டிலிருந்து நாகலூர் போகிற வழியில் ராஜராஜேஸ்வரி கோயில். ஸ்ரீசக்கர மகாமேரு கோயில் என்றும் சொல்வார்கள். மூவுலகிலும் அழகி என்று பெயர் பெற்ற லலிதா திரிபுரசுந்தரிக்கு உரிய இடம். அழகையே பெயராகக் கொண்ட இவளுடைய மிக உயர்ந்த வடிவம் எது என்று ஸ்ரீவித்யை வழிபாட்டில் கேட்டால் ஒரு கோட்டுப் படத்தைக் காட்டுவார்கள். மேல்நோக்கிய நான்கு முக்கோணம், கீழ்நோக்கிய ஐந்து முக்கோணம்; ஒன்றையொன்று வெட்டி உள்ளே 43 சிறு முக்கோணங்கள்; எல்லாவற்றுக்கும் நடுவில் ஒரு புள்ளி. அந்தப் புள்ளிதான் அவள். அதே படத்தை அடுக்கடுக்காக எழுப்பினால் மேரு. கீழே அகன்று, மேலே ஒடுங்கி, முனையில் முடிகிற மேரு. பாஃபோஸ் கூம்பைப்பற்றி டாசிட்டஸ் விளங்கவில்லை என்று எழுதியதை இந்த ஊர்ப் பாட்டி யாரிடமாவது அவர் கேட்டிருக்கலாம்.

நான் போனபோது குங்கும அர்ச்சனை நடந்துகொண்டிருந்தது. குருக்கள் மூன்று விரலால் எடுத்து எடுத்து மேருவின் தலையில் போடுகிறார். உச்சியில் நிற்காத குங்குமம் அடுக்கு அடுக்காகச் சரிந்து இறங்குகிறது. முன்வரிசையில் ஒரு பையன், அவனுடைய ஆயாவின் மடியில் சாய்ந்துகொண்டு வெகுநேரம் பார்த்தான்.

“ஆயா, அம்மன் மூஞ்சி எங்க?”

“மூஞ்சி நம்ம வீட்ல படத்துல இருக்குது. இங்க இதான் அம்மன்.”

“கையி?”

ஆயா கொஞ்சம் யோசித்தார். அதற்குள் தட்டு அவர்கள் முன்னால் வந்துவிட்டது. “நீ உங்கையை நீட்டு சாமி,” என்றார். பையன் நீட்டினான். குருக்கள் உள்ளங்கையில் குங்குமம் வைத்தார். அவன் அதை முதலில் ஆயாவின் நெற்றியில் இழுத்துவிட்டு, மிச்சத்தைத் தன் சட்டையில் துடைத்தான்.

“சட்டையிலயா தொடைக்கிற? எந்திரி, சுத்திட்டு வரலாம். மூணு சுத்து.”